ரோன் நதிக்கரை: ரோமானியர் அளந்த நிலமும் இன்றைய திராட்சைத் தோட்டமும்

தெற்கு பிரான்சில் ஒராஞ்ச் என்று ஒரு சிறு நகரம். அங்கே ரோமானிய நாடக அரங்குக்கு எதிரே இருக்கும் அருங்காட்சியகத்தில், உடைந்த சலவைக்கல் துண்டுகளைச் சுவரோடு சேர்த்துப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். அரங்கைப் பார்க்க வருகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. வந்தாலும் ஏதோ கல்வெட்டு என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். நிதானமாக நின்று பார்த்தால்தான் தெரியும், அது ஒரு நில வரைபடம். கட்டம் கட்டமாகக் கோடுகள்; ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்ற குறிப்பு. நம் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் புலப்படத்தையும் அடங்கலையும் ஒன்றாகச் சேர்த்துக் கல்லில் வெட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி. வெட்டச் சொன்னவர் பேரரசர் வெஸ்பாசியன், ஆண்டு கி.பி. 77.

ப்ரொவான்ஸ், தெற்கு ரோன் பகுதிக்குப் போக நினைக்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரணம் சொல்வார்கள்: ஒயின், ரோமானிய இடிபாடுகள், ஓவியத்தில் பார்த்தது போன்ற ஊர்கள். சுற்றுலா ஏற்பாட்டாளர்களும் இந்த மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாகவே விற்கிறார்கள். காலையில் ஒயின் சுவைத்தல், மதியம் அரங்கு, மறுநாள் ஓவியர் வான் கோ. எனக்கு இது பெரிய நஷ்டமாகப் படுகிறது. இந்த மூன்றும் ஒரே நிலத்தின் ஒரே கதை. அந்தச் சலவைக்கல் துண்டுகளிலிருந்து தொடங்கினால் அது சுலபமாகப் பிடிபடும்.

அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் தரையில் ஏறக்குறைய 710 மீட்டர் பக்கமுள்ள சதுரம், அதாவது சுமார் 50 ஹெக்டேர். ரோமானிய நில அளவையாளர்கள் ரோன் சமவெளியை இப்படிச் சதுரம் சதுரமாகப் போட்டார்கள். ஒராஞ்ச் நகரமே ஓய்வுபெற்ற போர்வீரர்களைக் குடியமர்த்த உருவானதுதான். கி.மு. 35 வாக்கில் இரண்டாம் படையணியின் வீரர்களுக்கு இங்கே நிலம் கொடுத்தார்கள். ஆர்ல் நகரத்துக்கும் இதே பிறப்புதான், அங்கே கி.மு. 46இல் ஆறாம் படையணி. படையில் பணி முடித்தவனுக்குச் சேர வேண்டியது நிலம். அந்த நிலம் ஏற்கெனவே வேறு ஒருவருடையதாக இருந்தது.

கல்லில் அதுவும் எழுதியிருக்கிறது. சில கட்டங்களில் "திரிகாஸ்தினிகளுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது" என்ற பொருளில் ஒரு குறிப்பு வருகிறது. திரிகாஸ்தினிகள் இந்தப் பகுதியின் பூர்வகுடி. நல்ல நிலத்தைப் படைவீரர்களுக்கு எடுத்துக்கொண்டு, தரம் குறைந்ததை அவர்களிடமே விட்டுவிட்டார்கள். பேரரசின் கணக்குப்பிள்ளைக்கு இதில் ஒளிக்க எதுவும் இருக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி பொது இடத்தில் பதித்து வைத்தான்.

இந்தப் பெயருக்குப் பின்னால் இன்னும் ஒரு கதை இருக்கிறது. ஒராஞ்சுக்கு வடக்கே இருக்கும் அந்த வட்டாரத்துக்குத் திரிகாஸ்தின் என்ற பெயர் இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் நின்றது. 20ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் ஒயினுக்கும் அதுவே பெயர். அப்புறம் அங்கே ஒரு பெரிய அணு மின் நிலையம் வந்தது, அதற்கும் அதே பெயர். 2008இல் அந்த அணு வளாகத்தில் ஒரு கசிவு நேர்ந்தபோது, ஒயின் வாங்க ஆட்கள் தயங்கினார்கள். விவசாயிகள் கோரிக்கை வைத்து, 2010இல் ஒயினின் பெயரைக் க்ரிஞான்-லே-அதெமார் என்று மாற்றிக்கொண்டார்கள். ரோமானியர் நிலத்தை எடுத்தபோதும் போகாத பெயர் புட்டியிலிருந்து இப்படிப் போயிற்று.

ஜாடி உள்ளே வந்தது, ஜாடி வெளியே போனது

திராட்சைக் கொடியை இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்கள் ரோமானியர் அல்லர், கிரேக்கர். கி.மு. 600 வாக்கில் மார்செய் துறைமுகத்தை நிறுவிய கிரேக்கர்கள் கொடியையும் ஆலிவையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆனால் உள்நாட்டில் இருந்த பூர்வகுடிகளான கால் (Gaul) இன மக்களுக்கு நெடுங்காலம் ஒயின் என்பது இறக்குமதிச் சரக்கு. இத்தாலிய வணிகர்கள் ஜாடி ஜாடியாக ரோன் நதி வழியே மேலே ஏற்றினார்கள். கால் இனத்தார் ஒரு ஜாடி ஒயினுக்கு ஒரு அடிமையையே கொடுத்துவிடுவார்கள் என்று கி.மு. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதி வைத்திருக்கிறார். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் பிரான்சின் மண்ணில் அகழ்ந்தெடுத்த இத்தாலிய ஜாடி உடைசல்களின் அளவைப் பார்த்தால், அந்த வணிகத்தின் பெருக்கத்தில் சந்தேகமில்லை.

பிறகு நிலைமை தலைகீழானது. நிலம் கிடைத்த படைவீரர்களும் அவர்களுக்குப் பின் வந்த பண்ணையார்களும் இங்கேயே கொடி நட்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் தொன்ஸேர் என்ற ஊருக்கு அருகே இயங்கிய ஒரு பண்ணையில், தரையில் புதைத்த பெரிய மண் தாழிகள் இருநூறுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆள் இறங்கி நிற்கும் அளவு. குடும்பத்துக்குச் செய்துகொண்ட ஒயினுக்கு இவ்வளவு தாழி வேண்டாம். இது விற்பனைக்கான தொழிற்சாலை. அந்தத் தொன்ஸேர் இருப்பதும் மேலே சொன்ன திரிகாஸ்தின் வட்டாரத்தில்தான்.

இப்போது ஜாடிகள் எதிர்த்திசையில் ரோமுக்குப் போயின. கி.பி. 92 வாக்கில் பேரரசர் தொமிஷியன் ஓர் ஆணை போட்டார்: இத்தாலியில் புதிதாகக் கொடி நடக் கூடாது, மாகாணங்களில் இருக்கும் தோட்டங்களில் பாதியையாவது வெட்டிவிட வேண்டும். தானியத்துக்கு நிலம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். இத்தாலியப் பண்ணைகளைப் போட்டியிலிருந்து காப்பதும் நோக்கமாக இருந்திருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆணை முழுதாக நிறைவேறவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் கொடி நிலைத்துவிட்டது.

ஆற்று வழியே சரக்கு போனதைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு இடம் சொல்வேன். அவிஞோனில், கபிரியேர்-தேக் என்ற ஊரில் கிடைத்த ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. மரப் பீப்பாய் ஏற்றிய படகை ஆட்கள் கரையில் நின்று கயிறு கட்டி இழுக்கிறார்கள். குனிந்த முதுகுகளைச் சிற்பி கவனமாகச் செதுக்கியிருக்கிறான். பீப்பாயையும் கவனியுங்கள்: மத்தியதரைக்கடல்காரர்கள் மண் ஜாடியை நம்பியிருந்த காலத்தில், மரப்பலகைகளைச் சேர்த்து வளையம் போட்டுப் பீப்பாய் கட்டும் கைத்தொழில் கால் இன மக்களுடையது. ஒயினை இவர்கள் வெளியாரிடமிருந்து கற்றார்கள், பீப்பாயை உலகத்துக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது இடம் ஆர்ல் நகரின் தொல்பொருள் அருங்காட்சியகம். அங்கே ரோன் நதியின் சேற்றிலிருந்து 2011இல் தூக்கிய, 31 மீட்டர் நீளமுள்ள ரோமானியச் சரக்குப் படகு முழுசாக நிற்கிறது. கட்டடக் கல் ஏற்றிக்கொண்டு மூழ்கிய படகு அது.

அந்தக் கால ஒயின் எப்படி இருந்திருக்கும்? போகேர் அருகே மா தே தூரெல் என்ற தோட்டத்தில், ரோமானிய வேளாண் நூல்களில் உள்ள குறிப்புகளை வைத்து, தொல்லியலாளர்களின் துணையோடு, அதே மாதிரி ஒயின் செய்து விற்கிறார்கள். ஒரு பெரிய ஓக் மரத்தையே நெம்புகோலாக வைத்துப் பிழிகிறார்கள். ஒரு வகையில் கடல்நீரும் வெந்தயமும் சேர்கிறது. ஆமாம், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி வெந்தயம்தான்! இன்னொன்றில் தேன். ரோமானியர்கள் ஒயினில் மிளகும் போட்டார்கள், அந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து போனது. திரும்பி வந்தவற்றில் ஒயினும் உண்டு. "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்று புறநானூறு பாண்டிய மன்னனைப் பார்த்துப் பாடுவதும், புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த ஜாடி உடைசல்களும் அதற்குச் சாட்சி. அரிக்கமேட்டு ஜாடிகளில் பெரும்பாலானவை கிரேக்கத் தீவுகளையும் இத்தாலியையும் சார்ந்தவை என்பதால், நம் பாண்டியன் குடித்தது ரோன் நதிக்கரை ஒயின் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கையும் நம் கடற்கரையையும் தொட்டுச் சென்ற சந்தை ஒன்றுதான்.

இடிபாடுகள் எப்படித் தப்பின

ஒராஞ்ச் அரங்கின் மேடைச் சுவர் 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம். "என் நாட்டிலேயே மிக அழகான சுவர்" என்று பதினான்காம் லூயி மன்னர் சொன்னதாக ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ரோமானிய அரங்குகளில் இருக்கைப் படிகள் பல நாடுகளில் மிஞ்சியிருக்கின்றன. மேடைச் சுவர் இவ்வளவு உயரத்தில் நிற்பது மிகவும் அபூர்வம். மேலே மாடத்தில் மூன்றரை மீட்டர் உயரப் பேரரசர் சிலை. கீழே நின்று பேசினால் மேல் படி வரைக்கும் குரல் கேட்கிறது. 1869 முதல் இங்கே கோடையில் இசை விழா நடக்கிறது.

இந்தச் சுவர் எப்படி நின்றது என்று கேட்டால், யாரோ பாதுகாத்ததால் அல்ல. பயன்பட்டதால். நாடகம் நின்றுபோன பிறகு அது காவல் அரணானது. பிறகு அரங்கத்துக்குள்ளேயே வீடுகள் முளைத்தன. மதப் போர்களின் காலத்தில் மக்கள் உள்ளே அடைக்கலம் புகுந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் அந்த வீடுகளை அகற்றி, அரங்கை அரங்காகப் பார்க்கத் தொடங்கினார்கள். அதே ஊரில் பயன்படாத ரோமானியக் கட்டடங்கள் என்ன ஆயின தெரியுமா? 1620களில் ஒராஞ்ச் இளவரசர் மாரிஸ் கோட்டை கட்டியபோது அவற்றின் கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார். வெற்றி வளைவு தப்பியதற்கும், அதை இடைக்காலத்தில் கோட்டையாக மாற்றி வைத்திருந்ததுதான் காரணம்.

ஆர்ல் வட்டரங்கு இதைவிடப் பெரிய உதாரணம். கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில், ஏறக்குறைய 20,000 பேர் உட்காரக் கட்டியது. ரோமப் பேரரசு சரிந்து, ஊருக்குள் படையெடுப்புகள் வந்தபோது, மக்கள் வளைவுகளை அடைத்துவிட்டு உள்ளே குடியேறினார்கள். சுமார் இருநூறு வீடு, தேவாலயம், நடுவில் ஒரு முற்றம்: வட்டரங்கு முழு ஊராகிவிட்டது. மேலே கட்டிய காவல் கோபுரங்களில் சில இன்றும் நிற்கின்றன. 1820களின் நடுவில் தொடங்கி அந்த வீடுகளை எடுத்தார்கள். இன்று நாம் படம் பிடிக்கும் "தூய ரோமானிய" வடிவம், ஓர் ஊரைக் காலி செய்துவிட்டு மீட்டெடுத்தது. ஆயிரம் ஆண்டு அங்கே வாழ்ந்தவர்களின் தடயத்தை அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்க வேண்டுமா என்று எனக்கு இன்னமும் உறுத்தும். கோபுரங்களையாவது விட்டுவைத்தார்களே.

நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன போன் து கார் பாலத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். மூன்று அடுக்கு, கிட்டத்தட்ட 49 மீட்டர் உயரம். எனக்கு உயரத்தைவிடச் சரிவுதான் வியப்பு: சுமார் 50 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வித்தியாசம் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர்தான். ஒராஞ்சில் சதுரம் போட்ட அதே அளவைக் கலைதான் இதுவும். தண்ணீர் நின்ற பிறகு இது ஆட்களும் வண்டிகளும் ஆற்றைக் கடக்கும் பாலமாகப் பயன்பட்டது.

வேசோன்-லா-ரொமேன் என்ற ஊரில் பாலம் இன்றும் பாலமாகவே இருக்கிறது. ஊவேஸ் ஆற்றின் மேல் 17 மீட்டர் அகலத்துக்கு ஒற்றை வளைவு. 1992 செப்டம்பர் 22 அன்று மலைப்பக்கம் கொட்டிய மழையில் அந்தச் சிற்றாறு திடீரென்று பொங்கியது. வெள்ளம் பாலத்துக்கு மேலேயே ஏறி ஓடியது. கரையோர வீடுகளும் முகாம்களும் அடித்துப் போயின. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், ரோமானிய வளைவு அப்படியே நின்றது. பிற்காலத்தில் கட்டிய கைப்பிடிச் சுவர் மட்டும் போயிருந்தது. ரோமானியர் பாலத்தை ஆறு குறுகும் இடத்தில், இரு பக்கமும் பாறை இருக்கும் இடத்தில் போட்டார்கள். அந்தத் தேர்வுதான் அதைக் காப்பாற்றியது. ஆற்றுப் படுகையில் இறங்கிக் கட்டியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாலத்துக்கு ஒரு பக்கம் குன்றின்மேல் இடைக்கால ஊர், மறுபக்கம் ரோமானியத் தெருக்களும் வீடுகளும் அகழ்ந்தெடுக்கப்பட்ட சுமார் 15 ஹெக்டேர் வெளி. கடைகள் இருந்த தெரு, பொதுக் கழிப்பறை, குளியலறை எல்லாம் நடந்தே பார்க்கலாம். 1907 தொடங்கிப் பல பத்தாண்டுகள் இங்கே அகழாய்வு செய்தவர் ஜோசப் சொத்தெல் என்ற பாதிரியார்.

போப்பாண்டவரின் மலை

ஷாத்தோநெஃப்-து-பாப் என்றால் "போப்பாண்டவரின் புதுக்கோட்டை". 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவிஞோனில் இருந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாம் ஜான் இந்தக் குன்றின்மேல் கோடைக்கால மாளிகையாக ஒரு கோட்டை கட்டினார். அவர்களுடைய அரண்மனைக்கு ஒயின் ஏராளமாகத் தேவைப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் கொடி பரவியது. அந்தக் கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பக்கச் சுவர் மட்டுமே. கல்லுக்காக ஊரார் பெயர்த்தது போக மீதியிருந்த கோபுரத்தை, 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடி வைத்துத் தகர்த்தது. பாதி மட்டும் விழுந்தது.

இந்தப் பெயர் புட்டியில் பெற்றிருக்கும் மதிப்புக்குப் போப்பாண்டவர்களைவிட 20ஆம் நூற்றாண்டு விவசாயிகள்தான் காரணம். முதல் உலகப் போருக்குப் பிறகு எங்கிருந்தோ வந்த மட்டமான ஒயினுக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் 1923இல் பரோன் லெ ருவா என்ற வழக்கறிஞரிடம் போனார்கள். அவரும் தோட்டக்காரர்தான். அவர் வகுத்த விதிகள் மிக எளிமை: எந்த நிலத்தில் தானாக லாவெண்டரும் தைம் செடியும் வளருமோ அந்த வறண்ட நிலத்து ஒயின் மட்டும்தான் இந்தப் பெயருக்கு உரியது, இன்னின்ன கொடிதான் நட வேண்டும், பறித்த பழத்தில் மோசமானதைத் தள்ளிவிட வேண்டும், சாராய அளவு 12.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்த முயற்சியிலிருந்துதான் பிரான்ஸ் முழுவதற்குமான ஊர்ப்பெயர்ச் சட்டம் வளர்ந்தது. 1936இல் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற முதல் சில ஒயின்களில் இதுவும் ஒன்று. நம் ஊரில் மதுரை மல்லிக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் கிடைத்திருக்கும் புவிசார் குறியீட்டின் மூதாதை என்று இதைச் சொல்லலாம்.

தோட்டத்துக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது மண் அல்ல, கல். உருண்டையான கூழாங்கற்கள், சில தேங்காய் அளவு. ஆல்ப்ஸ் மலையிலிருந்து பழைய ரோன் நதி உருட்டிக்கொண்டு வந்து போட்டவை. பகலில் வெயிலை வாங்கி இரவில் கொடிக்குக் கொடுக்கும், அதனால்தான் ஒயின் அவ்வளவு அழுத்தம் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். இதை முழுதாக நம்பிவிடாதீர்கள். இதே ஊரில் கூழாங்கல்லே இல்லாத மணல் நிலத்திலிருந்தும் மிகச் சிறந்த ஒயின் வருகிறது. வெப்பத்துக்கு இந்த ஊரில் எப்போதும் பஞ்சமில்லை. கல்லுக்கு அடியில் ஈரம் தங்குவதும், கீழே இருக்கும் களிமண் கோடையில் வேருக்குத் தண்ணீர் கொடுப்பதும் அதைவிட முக்கியம். கோடை முந்தி வருவதாலும் பழத்தில் சர்க்கரை ஏறுவதாலும் இப்போது இங்கே விவசாயிகளின் கவலை எப்படிச் சூட்டைக் குறைப்பது என்பதே.

கொடிகளுக்குப் பந்தல் கிடையாது. இடுப்பளவுகூட இல்லாத குட்டை மரம் போல, கிண்ண வடிவத்தில் வெட்டி விடுகிறார்கள். அதற்குக் காரணம் காற்று. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆற்றுக்கு எதிர்க்கரையில் ரோக்மோர் என்ற ஊர் இருக்கிறது. பயணிகள் அதிகம் போகாத இடம். 1862 வாக்கில் அங்கே ஒரு ஒயின் வணிகர் அமெரிக்காவிலிருந்து வந்த சில கொடிகளைத் தன் தோட்டத்தில் நட்டார். அடுத்த ஆண்டே பக்கத்துக் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்தன. நோய் ஊர் ஊராகப் பரவியது. 1868இல் ரோக்மோரில் கொடிகளைக் காப்பாற்றக் கோரி, புனித வலன்டைனின் எச்சங்களை ரோமிலிருந்தே வரவழைத்தார்கள். அதே 1868இல் ஆர்ல் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், ஷூல் ப்ளான்ஷோன் என்ற தாவரவியலாளர் அடங்கிய குழு காயாத கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தது. மஞ்சள் நிறத்தில் மிக நுண்ணிய பூச்சிகள் வேரில் மொய்த்திருந்தன. ஃபைலோக்ஸெரா. அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும், ஐரோப்பியக் கொடியின் வேர் தாங்காது. முடிவில் கிடைத்த தீர்வு ஒட்டுக் கட்டுவது: கீழே அமெரிக்க வேர், மேலே உள்ளூர்க் கொடி. நம் ஊரில் மாங்கன்று ஒட்டுவதே போலத்தான்.

ஆகவே இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று சொல்லி ஊற்றிக் கொடுக்கும் கோப்பையில், செடிகள் அநேகமாக எல்லாமே அமெரிக்க வேரில் நிற்பவை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வீடுகளைத் தாங்கியதால் அரங்கு நின்றது போல, வேற்று வேரை ஏற்றதால் கொடி நின்றது. இந்தப் பகுதியில் பழையது எதைப் பார்த்தாலும், அது எத்தனை கை மாறி, என்னென்ன வேலைக்கு உட்பட்டு இன்றைக்கு வந்து சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான சுவாரசியம் அதில்தான் இருக்கிறது.

காற்றும் நிறமும்

மிஸ்ட்ரால் என்பது வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியே கீழே பாய்ந்து வரும் குளிர்ந்த, வறண்ட காற்று. இருபுறமும் மலை இருப்பதால் பள்ளத்தாக்கு ஒரு குழாய் போல அதை நெருக்குகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதும் உண்டு. பழைய பண்ணை வீடுகளின் வடக்குச் சுவரில் சன்னல் இருக்காது. தோட்டங்களுக்கு வடக்கே சைப்ரஸ் மரங்களை நெருக்கமாக நட்டு வேலி போல நிறுத்தியிருப்பார்கள். கொடியைக் குட்டையாக விடுவதும் இதனால்தான். தொல்லை அவ்வளவு என்றாலும் தோட்டக்காரர்கள் இதை வேண்டாம் என்று சொல்வதில்லை. மழைக்குப் பின் இலையையும் பழத்தையும் உலர்த்தி, பூஞ்சை நோயைத் தடுப்பது இந்தக் காற்று.

அது வானத்தையும் துடைத்துவிடுகிறது. ஈரப்பதமும் தூசும் போய், தொலைவில் இருக்கும் மலையும் பக்கத்தில் இருப்பது போலக் கூர்மையாகத் தெரியும். ஓவியர்கள் தேடி வந்த வெளிச்சம் இதுதான். 1888 பிப்ரவரியில் வான் கோ ஆர்ல் நகருக்கு வந்தார். திறந்த வெளியில் நின்று வரைவதற்கு, தன் ஓவியச் சட்டத்தின் கால்களைத் தரையில் முளை அடித்துக் கட்டிப்போட்டதைக் கடிதங்களில் எழுதியிருக்கிறார். அவர் படங்களில் காற்று வேலியாக நின்ற சைப்ரஸ்கள் முறுக்கிக்கொண்டு மேலே ஏறுவதை நாம் ஓவியரின் மனநிலை என்று மட்டும் படித்துவிடுகிறோம். மிஸ்ட்ரால் அடிக்கிற நாளில் போய்ப் பார்த்தால் மரங்கள் உண்மையிலேயே அப்படி அசைவது தெரியும்.

அந்த இலையுதிர் காலத்தில் அவரோடு கொகேன் (Gauguin) என்ற ஓவியர் வந்து தங்கினார். இருவரும் அலிஸ்கான் என்ற ரோமானிய இடுகாட்டுப் பாதையில், கல் சவப்பெட்டிகளுக்கு நடுவே மஞ்சள் இலை கொட்டியிருக்க, நின்று வரைந்தார்கள். இன்னொரு மாலை, மழை விட்ட பின் நடக்கப் போனபோது சூரியன் சாயும் வேளையில் ஒரு திராட்சைத் தோட்டம் சிவப்பு ஒயினைப் போலவே சிவந்திருந்ததைப் பார்த்தார்கள். நவம்பரில் வான் கோ அதை வரைந்தார். 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அன்னா போக் என்ற ஓவியர் அதை 400 பிராங்குக்கு வாங்கினார். அது இன்று மாஸ்கோவில் இருக்கிறது. ஆர்ல் நகருக்குச் சொந்தமாக அவர் படத் தொகுப்பு ஒன்றும் இல்லை. அவர் பெயரில் இயங்கும் கலை மையத்தில் இரவல் படங்களைத்தான் பார்க்கலாம். இதைத் தெரிந்துகொண்டு போங்கள், ஏமாற்றம் இருக்காது. ஆர்லில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல, படம் பார்த்ததை.

கிழக்கே லூபெரோன் மலைப்பக்கம் ரூஸியோன் என்ற ஊர், நிறம் மண்ணிலிருந்தே வரும் இடம். இரும்புத் தாது கலந்த காவி மண் பாறைகள் மஞ்சளிலிருந்து அடர் சிவப்பு வரை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கே சாயத்துக்காக வெட்டி எடுத்தார்கள். செயற்கை நிறங்கள் வந்ததும் தொழில் சுருங்கியது. ஊர்ச் சுவர்களுக்கு இன்றும் அந்த மண்ணின் நிறம்தான்.

போகிறவர்களுக்கு

அவிஞோனில் தங்குவது எல்லாவற்றுக்கும் வசதி. பாரிஸிலிருந்து அதிவேக ரயில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விடும். ஒராஞ்சுக்கும் ஆர்லுக்கும் உள்ளூர் ரயிலே போதும். வேசோனுக்கும் தோட்டங்களுக்கும் வண்டி இருந்தால் நல்லது. ஆனால் ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது என்பதில் சமரசம் வேண்டாம். பிரான்சில் வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், மூன்று தோட்டம் ஏறி இறங்கினால் அது போதாது. சுவைத்துவிட்டுக் கிண்ணத்தில் துப்புவது அங்கே மரியாதைக் குறைவல்ல, தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் செய்வதுதான். குடிக்காதவர்களும் தயங்காமல் போகலாம். தோட்டத்தில் நடந்து கல்லையும் கொடியையும் பார்ப்பதற்கும், ஆலிவ் எண்ணெய்ச் செக்குகளுக்குப் போவதற்கும் கோப்பை தேவையில்லை.

ஜூலையில் அவிஞோன் நாடக விழாவும் ஒராஞ்ச் இசை விழாவும் சேர்ந்துவிடும். அறை கிடைக்காது, வெயிலும் தாங்காது. செப்டம்பர் அறுவடைக் காலம், அழகு. ஆனால் தோட்டக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்காது. வேசோன் வெள்ளம் வந்ததும் செப்டம்பரில்தான் என்பதால் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் போனால் இலை சிவந்திருக்கும்.

கடைசி ஒரு நாளைச் சேன்-ரெமிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே, சேன்-போல்-து-மோசோல் மடத்தில் இயங்கிய மனநல விடுதியில் வான் கோ 1889 மே முதல் ஓராண்டு இருந்தார். அங்கே ஏறக்குறைய 150 ஓவியம் வரைந்தார். விடுதியின் சுவருக்கு வெளியே இருந்த ஆலிவ் தோப்புகள் அவற்றில் திரும்பத் திரும்ப வரும். வாசலிலிருந்து சில நிமிட நடையில் கிளானம் என்ற ரோமானிய நகரம் இருக்கிறது: கோயில், குளியல் கூடம், கல் பாவிய நெடுந்தெரு. அங்கே முறையான அகழாய்வு தொடங்கியது 1921இல். அவர் அந்தத் தோப்புகளில் ஓவியச் சட்டத்தை நட்டு நின்ற நாட்களில், அந்தத் தெரு மண்ணுக்கு அடியில் இருந்தது.